முத்திரை இல்லாத தராசு: கோரஸ் பெடலைச் சோதித்து வாங்குவதும் விற்பதும்



தராசுக்கு முத்திரை வைக்கும் நாள் நெருங்கினால் நம்மில் பலருக்கும் ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. ஆய்வாளர் படிக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்ப்பார்; நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பார்; சிறு பாரம் வைப்பார், முழுப் பாரமும் வைப்பார். எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை. அதன் பிறகு உள்ளே இருக்கும் திருகை நாம் தொடக் கூடாது. கடைக்கு வரும் தாய்மார்கள் அந்த முத்திரையைக் குனிந்து பார்ப்பதில்லை என்றாலும், அது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஒரு கிலோ பருப்பை வாங்கிச் செல்கிறார்கள்.

இப்போது வேறொரு தராசை எண்ணிப் பாருங்கள். அதற்கு முத்திரை கிடையாது. ஆய்வாளர் கிடையாது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே சிறு திருகுகள் தெரியும். யார் வேண்டுமானாலும் திருப்பலாம். சரியா தவறா என்று சொல்லப் படிக்கல்லும் இல்லை. வாங்குகிறவரின் காதுதான் தட்டு, காதுதான் முள். இசைக்கருவிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் விற்கின்ற கிடார் கோரஸ் பெடல் அப்படிப்பட்ட ஒரு பொருள்தான்.

"மளிகை வணிகருக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பழைய பொருளை வாங்கி விற்பவர் யாராக இருந்தாலும், அது பழைய ஃபிரிட்ஜாக இருந்தாலும் மாவு மில் மோட்டாராக இருந்தாலும், ஒரே கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார். நமக்கு உள்விவரம் தெரியாத பொருளை நாம் எப்படிச் சோதித்து, என்ன உறுதி சொல்லி விற்பது? அந்தக் கேள்விக்கு இந்தச் சின்னப் பெட்டி நல்ல பாடம் தருகிறது.

நமக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்கு ஒரு சம்பவம் காரணம். இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர், நாற்பது ஆண்டுப் பழைய கோரஸ் பெடல் ஒன்றை விலைக்கு வாங்கினார். பாட்டரி போட்டார், மிதித்தார், சிவப்பு விளக்கு எரிந்தது, கிடார் சத்தம் வந்தது. "நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்லி ஓர் இளைஞருக்கு விற்றார். மூன்றாம் நாள் அந்த இளைஞர் தந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். "விளக்கு எரிகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் கோரஸ் எங்கே அண்ணாச்சி? மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றுதானே?" என்றார். நண்பர் பெடலை மீண்டும் மிதித்துப் பார்த்தார். இளைஞர் சொன்னது உண்மை. கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பணத்தைவிட அந்த நான்கு பேரின் பார்வைதான் தமக்கு வலித்தது என்று நம்மிடம் சொன்னார்.

பெடலை ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனபோது நாமும் உடன் சென்றோம். அவர் மூடியைக் கழற்றி, ஒரு சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அறை முழுவதும் அந்த அலைபாயும் ஓசை வந்துவிட்டது. எந்த உதிரிப் பாகமும் மாற்றவில்லை. முன்பு யாரோ கை வைத்துத் தவறாகத் திருப்பிவிட்ட ஒரே ஒரு திருகு! அது என்ன திருகு, எப்படிச் சரி பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பொருளின் கதை

கோயிலில் பத்துப் பேர் சேர்ந்து பஜனை பாடும்போது கேட்டிருப்பீர்கள். பத்துக் குரலும் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில் பாடினாலும், ஒருவர் இம்மி முந்துவார், ஒருவர் இம்மி பிந்துவார். ஒருவர் சுருதி மயிரிழை ஏறும், ஒருவருடையது இறங்கும். அந்தச் சிறு பிசகுகள்தான் கூட்டுக் குரலுக்கு ஒரு செழிப்பைத் தருகின்றன. ஒரே ஒரு கிடாரை வைத்துக்கொண்டு அந்தப் பிசகைச் செயற்கையாக உண்டாக்குவதுதான் கோரஸ் பெடலின் வேலை. வந்த ஓசையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றை அப்படியே விடுகிறது. மற்றொன்றைச் சில மில்லி செகண்ட் முதல் சுமார் 30 மில்லி செகண்ட் வரை தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு இரண்டையும் கலந்து வெளியே அனுப்புகிறது.

இதை வணிகச் சரக்காக்கிய பெருமை ஜப்பானுக்கு உரியது. ரோலண்ட் நிறுவனம் 1975-இல் ஜேசி-120 என்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. கோரஸ் அதற்குள்ளேயே இருந்தது. அடுத்த ஆண்டு, 1976-இல், அந்தச் சுற்றை மட்டும் தனியே எடுத்துத் தன் பாஸ் என்ற பெயரில் சிஇ-1 என்ற பெடலாக விற்றது. அது சுவர் மின்சாரத்தில் ஓடிய பெரிய பெட்டி. 1979-இல் 9 வோல்ட் பாட்டரியில் ஓடும் கைக்கு அடக்கமான சிஇ-2 வந்தது. ரேட், டெப்த் என்று இரண்டே குமிழ்கள். ஓசை எவ்வளவு வேகமாக அலைய வேண்டும் என்பது ரேட். எவ்வளவு ஆழமாக அலைய வேண்டும் என்பது டெப்த். நியூயார்க்கின் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் விற்ற ஸ்மால் குளோன் இன்னும் எளிமை. ஒரு குமிழ், ஒரு சிறு சுவிட்ச், அவ்வளவுதான்.

ரோலண்டை 1972-இல் ஒசாக்காவில் தொடங்கிய இக்குதாரோ காகெஹாஷி நம் இனத்தவர்தான். அதாவது ஒரு கடைக்காரர். 1930-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதினாறு வயதில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்தார். பிறகு தாமும் காசநோயால் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தார். குணமாகி வந்து 1954-இல் ஒசாக்காவில் ரேடியோக் கடை திறந்தார். வாடிக்கையாளர் கொண்டுவந்த மின்சார ஆர்கன்களை ரிப்பேர் செய்யப் போய்த்தான் இசைக்கருவி செய்யும் ஆசை அவருக்கு வந்தது. 2017-இல் காலமானார். கவுன்ட்டரில் நின்று, ரிப்பேருக்கு வரும் பொருளின் வயிற்றைத் திறந்து பார்த்துத் தொழில் கற்றவர் என்பதால் இங்கே குறிப்பிட்டோம்.

தேங்காய் லாரியும் வாளி வரிசையும்

தாமதம் எப்படி உண்டாகிறது? இதைப் புரிந்துகொண்டால் திருகுகள் தாமாகப் புரியும்.

தேங்காய் லாரி வந்து நின்றால், லாரியிலிருந்து குடோன் வரை ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி விடுவதைப் பார்த்திருக்கிறோம். முதல் ஆள் வாங்கிய தேங்காய் கடைசி ஆளை அடையச் சிறிது நேரம் ஆகும். வரிசை நீளமாக இருந்தால் நேரம் கூடும். மேஸ்திரி "ஊம், ஊம்" என்று வேகமாகக் குரல் கொடுத்தால் நேரம் குறையும். 1969-இல் ஹாலந்து நாட்டு ஃபிலிப்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், தேயர் என்ற இருவர் இதே முறையில் மின்சாரத்தைக் கைமாற்றும் சிப்பை உருவாக்கினார்கள். தீயணைக்க வரிசையில் நின்று வாளி மாற்றுவோரை நினைத்து அதற்குப் 'பக்கெட் பிரிகேட்' என்று பெயர் வந்தது. ஒவ்வொரு வாளியும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். பழைய கோரஸ் பெடல்களில் பெரும்பாலும் ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனத்துச் சிப்புகள் இருக்கும். நாம் பானாசோனிக் என்று அறிந்த அதே நிறுவனம்தான். சிஇ-2-இல் இருப்பது எம்என் 3007. அதில் 1024 வாளிகள்.

மேஸ்திரியின் வேலையைச் செய்வது கிளாக் என்னும் துடிப்பு. கையில் தேங்காய் வைத்திருப்பவரால் இன்னொன்றை வாங்க முடியாது அல்லவா? ஆகவே ஒருவர் விட்டு ஒருவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதனால் கணக்கு இப்படி வருகிறது: வாளிகளின் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 1024 வாளி, நொடிக்கு 1,00,000 துடிப்பு என்றால் 5.12 மில்லி செகண்ட். துடிப்பை 50,000 ஆகக் குறைத்தால் 10.24 மில்லி செகண்ட். இந்தக் கிளாக் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்க இன்னொரு நிதானமான அலை இருக்கிறது. ரேட் குமிழ் திருப்புவது அந்த அலையைத்தான்.

பயாஸ் என்னும் திருகு

இனி அந்தத் திருகுக்கு வருவோம். அதற்குப் பெயர் பயாஸ்.

ஓசை என்பது மேலும் கீழும் போய் வரும் அலை. வாளிக்குள் ஏற்கெனவே பாதி தண்ணீர் இருந்தால், அலை மேலே போகும்போது தண்ணீர் ஏறும், கீழே போகும்போது இறங்கும், சிந்தாது, வற்றாது. தொடக்கத்திலேயே வாளி முக்கால் நிறைந்திருந்தால் மேலே போகும் அலை சிந்திவிடும். கால்வாசிதான் இருந்தால் கீழே போகும் அலை தரை தட்டும். இரண்டிலும் ஓசை கரகரக்கும். அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ தாமத ஓசையே செத்துவிடும். நேர் ஓசை மட்டும் வெளியே வரும். நம் நண்பருக்கு நடந்தது இதுதான். விளக்கு எரிந்ததும் கிடார் கேட்டதும் பொய்யில்லை. ஆனால் பெட்டியின் பாதிப் பகுதி செத்துக் கிடந்தது.

பயாஸ் திருகு அந்தப் 'பாதித் தண்ணீர்' அளவைத்தான் வைக்கிறது. பல சுற்றுகளில் அது மின் அழுத்தத்தின் ஏறத்தாழப் பாதிக்கு அருகே அமையும். ஆனால் சிப்புக்குச் சிப்பு சற்று மாறும். ஆகவே மல்டிமீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்து வைத்துவிட்டு எழுந்து வருவது போதாது. ரிப்பேர்காரர் செய்த முறை வேறு. ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சீரான ஓசையைப் பெடலுக்குள் செலுத்தினார். சிப்பின் வெளிவாயிலில் ஆசிலாஸ்கோப்பின் கம்பியை வைத்தார். உள்ளே போகும் ஓசையின் அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே வந்தார். திரையில் தெரிந்த மலை பள்ளங்களில் ஒரு பக்கம் மட்டும் முதலில் மழுங்கியது. மலையின் உச்சி மட்டும் கத்தியால் சீவியது போல் ஆயிற்று. இப்போது பயாஸைத் திருப்பினார். உச்சியும் பள்ளமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மழுங்கும் இடத்தில் நிறுத்தினார். "வெறும் தட்டில் தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி" என்று அவர் சொன்னதும் நமக்குச் சட்டென்று புரிந்தது.

ஆசிலாஸ்கோப் இல்லாத இடத்தில் காதால் செய்வதும் உண்டு. சிப்பின் வெளிவாயிலிலிருந்து ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கம்பி எடுத்து ஆம்ப்ளிஃபயரில் தாமத ஓசையை மட்டும் தனியே கேட்பார்கள். நேர் ஓசை கலந்திருந்தால் அது குறையை மூடி மறைத்துவிடும். அதனால்தான் தனியே கேட்க வேண்டியிருக்கிறது. திருகை ஒரு பக்கம் திருப்பினால் ஓசை கரகரத்து மறையும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு கரகரப்புக்கும் நடுவில், கிடாரைப் பலமாக மீட்டினாலும் தெளிவாக ஒலிக்கும் இடம்தான் சரியான இடம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருகைத் தொடுவதற்கு முன், அது நிற்கும் இடத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய நிலையைக் குறிக்காமல் திருப்பியவர்கள்தான் பாதிப் பெடல்களைக் கெடுத்தவர்கள் என்பது அந்த ரிப்பேர்காரரின் கட்சி. நாமும் அதையே சொல்வோம். பழைய திருகுகளில் தூசியும் துருவும் ஏறியிருக்கும். ஒரு முறை முன்னும் பின்னும் அசைத்தாலே கோளாறு மறைந்து, நாலு நாளில் திரும்பவும் வரும். அத்தகைய திருகைத் துடைத்து வைப்பதைவிட மாற்றிவிடுவது மேல்.

தராசும் உப்பும்

எல்லாத் திருகும் பயாஸ் போல அல்ல. சில பெடல்களில் ஒரு திருகுதான். சிலவற்றில் இரண்டு, மூன்று. சிப்புக்கு இரண்டு வெளிவாயில்கள் உண்டு. அவை மாறி மாறி ஓசையைத் தருகின்றன. இரண்டையும் சமமாகக் கலந்தால் கிளாக் துடிப்பின் இரைச்சல் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். அந்தச் சமநிலைக்குத் தனித் திருகு வைத்த பெடல்களும் இருக்கின்றன. இதற்கும் சரியான விடை ஒன்றுதான்: இரைச்சல் மிகக் குறையும் இடம்.

கிளாக் வேகத்துக்குத் திருகு இருந்தால் கதை மாறுகிறது. தயாரித்தவர் கொடுத்த சர்வீஸ் குறிப்பு கையில் இருந்தால், அலைவெண் எண்ணும் கருவியை வைத்து அதே எண்ணுக்குக் கொண்டுவரலாம். குறிப்பு இல்லையென்றால்? கிளாக்கைக் குறைத்தால் தாமதம் நீண்டு ஓசை செழிக்கும். ஆனால் மிகவும் குறைத்தால் கிளாக்கின் கீச்சொலி காதுக்கே கேட்க ஆரம்பிக்கும். கிடாரின் மேல் சுருதிகளும் கெடும். கூட்டினால் ஓசை மெலியும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கு நிறுத்துவது என்பதில் வாசிப்பவரின் விருப்பத்துக்கும் இடம் உண்டு.

டெப்த் முழுக்க முழுக்க உப்பு மாதிரி. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஒரு முறை அலைகிறது; தாமதம் 4 மில்லி செகண்ட் அளவுக்கு ஒரே சீராக ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நொடியில் 4 மில்லி செகண்ட் மாற்றம் என்றால் சுருதி 0.8 சதவீதம் விலகும். 440 ஹெர்ட்ஸ் சுருதி, ஒருமுறை சுமார் 443.5 ஆகவும் மறுமுறை சுமார் 436.5 ஆகவும் ஆடும். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 6 சதவீதம் என்பதால், இந்த ஆட்டம் காதுக்கு இதமாகவே இருக்கும். ஆனால் டெப்த்தைத் தொடாமல் ரேட்டை மட்டும் நான்கு மடங்கு கூட்டினால் விலகலும் நான்கு மடங்காகி 3.2 சதவீதத்தைத் தொடும். கப்பலில் ஏறியவருக்கு வரும் தலைசுற்றல் போல் இருக்கும். இரண்டு குமிழையும் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு "பெடல் பழுது" என்று திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் உண்டு. அது பழுது அல்ல. இதமாக எடுத்துச் சொல்லி, டெப்த்தைக் குறைத்து மீட்டிக் காட்டினால் போதும்.

பயாஸிலும் வாயில் சமநிலையிலும் நாம் "சரி பார்த்தாயிற்று" என்று உறுதி சொல்லலாம். ஆழத்திலும் வேகத்திலும் "இப்படி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்" என்று மட்டுமே சொல்ல முடியும். இந்த வேறுபாடு தெரியாமல் "ஒரிஜினல் கம்பெனி சவுண்ட்" என்று சத்தியம் செய்பவரைக் கண்டால் நமக்குச் சற்று பயம்தான். அதே கம்பெனியின், அதே ஆண்டின் இரண்டு பெடல்களை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

கவுன்ட்டரில் நின்றபடியே

ஆசிலாஸ்கோப் இல்லாத கடைக்காரர் பழைய பெடலை வாங்கும் முன் என்ன பார்க்கலாம்? முதலில் புதிய 9 வோல்ட் பாட்டரி. அரைகுறைப் பாட்டரியில் சோதித்தால் பயாஸ் தானாகவே நகர்ந்து, நல்ல பெடலும் கரகரக்கும். முத்திரை வைக்கும் முன் தராசைச் சமதளத்தில் வைக்கிறோமே, அது போன்றது இது. சோதனைக்கு எப்போதும் ஒரே கிடார், ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே அளவில் குமிழ்கள் என்று வைத்துக்கொண்டால் நாளடைவில் காது பழகிவிடும். இதுவே நமக்குப் படிக்கல்.

பெடலை அணைத்த நிலையில் மீட்டுங்கள். பிறகு மிதித்து அதே போல் மீட்டுங்கள். ஒலியளவு திடீரென்று விழக் கூடாது. ரேட்டைக் குறைத்து, டெப்த்தை முழுதாக வைத்து, ஒரு சுரத்தை நீளமாக ஒலிக்க விடுங்கள். ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் எத்தனை முறை அலைகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே மாடல் வரும்போது ஒப்பிட உதவும். அடுத்து, எல்லாத் தந்திகளையும் சேர்த்துப் பலமாக ஒரு முறை மீட்டுங்கள். ஓசை உடைந்தால் பயாஸைச் சந்தேகிக்கலாம். பிறகு தந்திகளைக் கையால் பொத்தி, அமைதியைக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இருக்கும். பழைய சிப்புகளின் இயல்பு அது. ஆனால் சீராக 'டிக், டிக்' என்று ரேட்டுக்கு ஏற்பத் தட்டும் ஓசையோ, மெல்லிய கீச்சொலியோ கேட்டால் விலையைக் குறைத்துப் பேச வேண்டியதுதான். குமிழைத் திருப்பும்போது 'சர சர' என்றால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

கால் மணி நேரம் ஓட விட்டு மீண்டும் ஒரு முறை இதையெல்லாம் பாருங்கள். சூடானதும் மாறுகிற பெடல்கள் உண்டு. விற்பவர் அவசரப்பட்டால் நாம் அவசரப்பட வேண்டாம்.

அடாப்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ் பெடல்களில் பழையவற்றின் மீது 'ஏசிஏ' அடாப்டர் என்றும், பிற்காலத்தவற்றின் மீது 'பிஎஸ்ஏ' அடாப்டர் என்றும் அச்சிட்டிருக்கும். ஏசிஏ வகை அடாப்டர் 9 வோல்ட்டைவிட அதிகமாகவே கொடுக்கும். அதைக் குறைத்துக்கொள்ளப் பெடலுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்ட பெடலுக்கு இன்றைய சீரான 9 வோல்ட் அடாப்டரை மட்டும் தனியே மாட்டினால், உள்ளே போய்ச் சேருவது குறைந்துவிடும். விளக்கு மங்கும், ஓசை மெலியும். பாட்டரியில் நன்றாக ஓடிய பெடல் அடாப்டரில் சோர்ந்து போனால் முதலில் இந்த அச்செழுத்தைப் படியுங்கள். திருகைத் தேடி மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. முனையின் திசையையும் பாருங்கள். இந்தப் பெடல்கள் பெரும்பாலானவற்றில் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வேறு ஏதோ பொருளின் அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவாக இருந்தால் விபரீதம்.

சிப்பு வியாபாரம்

மாட்சுஷிடா இந்தச் சிப்புகளைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. சரக்கு வரத்து நின்றால் விலை ஏறும். விலை ஏறினால் போலி வரும். எந்தத் தொழிலிலும் நாம் காண்பதுதானே? வேறு சிப்பின் மேல் பழைய பெயரைத் தேய்த்து அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எம்என் 3007 என்று எழுதியிருந்தாலே அது எம்என் 3007 ஆகிவிடாது. இன்னொரு குழப்பமும் உண்டு. எம்என் 3207 என்று ஒன்று இருக்கிறது. அதிலும் 1024 வாளிகள்தான். ஆனால் அது குறைந்த மின் அழுத்தத்துக்கு ஆனது, மின் திசையும் மாறானது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகினால் வேலை செய்யாது. கூடவே இருக்கும் கிளாக் சிப்பும் வேறு: முதலாவதற்கு எம்என் 3101, இரண்டாவதற்கு எம்என் 3102. 3207-க்கு ஈடாகச் சீனாவில் கூல்ஆடியோ நிறுவனம் வி 3207 என்ற பெயரில் புதிய சிப்பு தயாரித்திருக்கிறது. புதிய பெடல் செய்பவர்கள் பலர் அதை வாங்குகிறார்கள். பாஸ் நிறுவனமே 2016-இல் சிஇ-2டபிள்யூ என்று பழைய பாணியில், வாளி வரிசைச் சிப்போடு ஒரு பெடலை வெளியிட்டது. பழைய சரக்குக்கு இவ்வளவு மவுசு இருக்கும்போது போலிக்காரர் சும்மா இருப்பாரா?

சிப்பு மாற்றிய பெடலைத் திரும்ப பயாஸ் வைக்காமல் விற்கவே கூடாது. முன்பு சொன்னது போலச் சிப்புக்குச் சிப்பு அளவு மாறும். பழைய சிப்புக்கு வைத்த திருகு புதிய சிப்புக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மாவு மில்லில் கல்லை மாற்றிவிட்டு இடைவெளியைப் பார்க்காமல் அரைக்கலாமா?

டிஜிட்டல் வகைப் பெடல்களுக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் கிடையாது. தாமதத்தைக் கணக்குப் போட்டே உண்டாக்கிவிடுகின்றன. பயாஸ் திருகு என்ற பேச்சே இல்லை. வேலை செய்யும், அல்லது செய்யாது. வாங்கி விற்பவருக்கு அது நிம்மதிதான். ஆனாலும் பழையதைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை. தேடி வருகிறவர் இருக்கும்வரை நாமும் விற்கத்தான் வேண்டும்.

நம் நண்பர் அந்தப் பெடலை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சரி செய்த பிறகு, அதே இளைஞருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் உடனே வரவில்லை. பத்து நாள் கழித்து, தந்தை இல்லாமல் தனியாக வந்தார். நண்பர் கிடாரை அவர் கையிலேயே கொடுத்து, பொத்தி, மீட்டி, கால் மணி நேரம் ஓட விட்டுக் காட்டினார். பில்லில் பொருளின் பெயருக்குக் கீழே இப்படி எழுதினார்: "பயாஸ் ஆசிலாஸ்கோப்பில் வைத்தது. சிப்பு மாற்றவில்லை. குறைந்த ரேட்டில் அரை நிமிடத்துக்கு 11 அலை. ஏசிஏ அடாப்டர் அல்லது பாட்டரி மட்டும்." முதலில் சொன்ன விலையில் சிறிது குறைத்தும் கொடுத்தார். குறைக்காமலே கொடுத்திருக்கலாம் என்பது நம் எண்ணம். பொருள் இப்போதுதானே முழுசாக இருக்கிறது! அவர் கேட்கவில்லை. ஒரு பழைய கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, அடுத்து வரும் பெடல்களுக்காக இதே நான்கு விவரங்களுக்குக் கட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.